வளர்ப்புப் பாம்பு ஆணா, பெண்ணா? மலைப்பகுதியில் வளர்ப்போருக்கான வழிகாட்டி

நீலகிரியில் உதகை, குன்னூர், கோத்தகிரி என்று எந்த ஊரிலும் வெளிநாட்டுப் பாம்பு வளர்ப்பவரிடம் கேட்டால், தம்மிடம் இருப்பது ஆணா பெண்ணா என்பதற்கு அவர் ஒரு பதில் வைத்திருப்பார். அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், விற்றவர் சொன்னார் என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ‘ஜோடி’ என்று சொல்லி வாங்கிய இரண்டு பால் பைத்தான்கள் (ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஆண்டுக்கணக்கில் இணை சேராமல் இருந்து, கடைசியில் இரண்டுமே ஆண் என்று தெரிய வருவது இங்கே புதிதல்ல. விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்றும் சொல்லிவிட முடியாது. குஞ்சாக இருந்தபோது அவசரமாகப் பார்த்து, ஆணுறுப்பு வெளிவரவில்லை என்பதை வைத்துப் ‘பெண்’ என்று எழுதிக் கொடுத்திருப்பார். ஆண் என்ற முடிவு ஓர் உறுப்பைக் கண்டு சொல்லப்படுகிறது. பெண் என்ற முடிவோ அந்த உறுப்பு தென்படவில்லை என்பதால் சொல்லப்படுகிறது. தென்படாமல் போவதற்கு வேறு பல காரணங்களும் இருப்பதால், பெண் என்ற முடிவை இரண்டாவது சான்று ஒன்று இல்லாமல் யாரும் ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் சட்டம். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கவில்லை. சாரை, மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு, உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் கொத்தும்போது மண்ணிலிருந்து வெளிவரும் கேடயவால் பாம்பு என எதுவாக இருந்தாலும், அதன் பாலினத்தை அறியும் ஆவலில் கையில் எடுக்காமல் அதன் வழியே விட்டுவிட வேண்டும். நஞ்சுள்ள பாம்பிடம் இங்கே சொல்லப்படும் எதையும் முயலவே கூடாது. ஆகவே, சட்டப்படி வைத்திருக்கக்கூடிய, நஞ்சற்ற வெளிநாட்டு இனங்களான பால் பைத்தான், கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக், கென்ய மண் போவா போன்றவற்றை மனத்தில் கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பாலினம் தெரிந்து என்ன ஆகப் போகிறது, குட்டி எடுக்கும் எண்ணமே இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. பெண் பாம்பு ஆணைச் சேராமலேயே கருவுறாத முட்டைகளை உருவாக்கக்கூடும். அவை உள்ளேயே சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. வயிற்றின் பின்பகுதி வீங்கி இரை மறுக்கும் பாம்பு பெண் என்று முன்பே தெரிந்திருந்தால், மருத்துவர் முதல் நாளே முட்டைத் தேக்கத்தைச் சந்தேகிப்பார். வளர்ந்த ஆண் பைத்தான் இணைசேரும் பருவத்தில் வாரக்கணக்கில் இரை எடுக்காமல் இருப்பது இயல்பு. அது ஆண் என்று தெரியாதவர் நோய் என்று அஞ்சித் தேவையில்லாத மருந்துகளைக் கொடுக்கத் தொடங்குவார். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் வைத்தால் சண்டை வரும். கிங் ஸ்நேக் என்றால், இணை என்று நம்பிச் சேர்த்துவிட்ட பாம்பையே அது விழுங்கிவிடக்கூடும்.

எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறம், தலையின் வடிவம், சாதுவான குணம், சீறும் குணம் ஆகியவற்றுக்கும் பாலினத்துக்கும் தொடர்பில்லை. உடல் அளவும் பெரிதாக உதவாது. பைத்தான், போவா இனங்களில் பெண்ணே பெரிதாக வளரும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் நன்றாக இரை எடுத்த ஆண், பட்டினி கிடந்த பெண்ணைவிடப் பெரிதாக இருக்கும். கிங் ஸ்நேக் போன்றவற்றில் ஆண்கள் பெரிதாக இருப்பதும் உண்டு. சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் அதன் பெண் என்று நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அவை இரண்டும் வேறு வேறு இனங்கள். இரண்டிலும் ஆணும் பெண்ணும் தனித்தனியே உண்டு. வயல் வரப்பில் இரண்டு சாரைகள் பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடுவதைக் கண்டு, இணை சேர்கின்றன என்று வேட்டி விரித்துக் கும்பிடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே நடப்பது இரண்டு ஆண்களுக்கு இடையிலான பலப்பரீட்சை. இதே குழப்பம் வளர்ப்புப் பெட்டிக்குள்ளும் நேர்கிறது. ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடப்பதைப் பார்த்து ஜோடி சரியாக அமைந்துவிட்டது என்று மகிழ்பவர், ஆண் மற்றோர் ஆணின் மீதும் அவ்வாறு ஏறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

உடலமைப்பு

பாம்பின் அடிப்பகுதியில் உடல் முடிந்து வால் தொடங்கும் இடத்தில், குறுக்காக ஒரு பிளவு இருக்கும். அதுவே கழிவாய். அதை மூடியிருக்கும் செதிலுக்குக் குதச்செதில் என்று பெயர். ஆண் பாம்புக்கு இரண்டு ஆணுறுப்புகள் உண்டு. அவை கழிவாயிலிருந்து வால் நுனியை நோக்கி, வாலின் இரு பக்கங்களிலும், உறையின் உட்பக்கம் வெளியே வருவதுபோல் திருப்பி மடிக்கப்பட்ட நிலையில் உள்ளே கிடக்கும். இணைசேரும்போது அவற்றில் ஒன்று மட்டும் இரத்தமும் நிணநீரும் நிரம்பி வெளியே திரும்பும். பெண்ணின் வாலில் இவ்வளவு ஆழமான பை இல்லை. கழிவாயின் பின்னே சிறிய குழி மட்டும் உண்டு. நாற்றச் சுரப்பிகள் இரு பாலினத்துக்கும் பொது. பாலினத்தைக் கண்டறியும் முறைகளில் பெரும்பாலானவை வாலுக்குள் இருக்கும் இந்த ஆழ வேறுபாட்டையே ஏதோ ஒரு வழியில் அளக்கின்றன.

பெண் பாம்புக்கும் வாலுக்குள் இதற்கு இணையான உறுப்பு உண்டு என்பது அண்மையில்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது இனப் பெண் பாம்புகளில் இரட்டைக் கிளிட்டோரிஸ் அமைப்பை விளக்கினார்கள். நரம்பும் இரத்தக் குழாயும் செறிந்த அந்த மென்மையான பகுதி பாலினம் அறிய நாம் கம்பி செலுத்தும் இடத்துக்கு (அந்த முறை கீழே வருகிறது) அருகிலேயே இருக்கிறது என்பதை அறிந்தவர், பெண் பாம்பிடம் ஒருபோதும் அழுத்திப் பார்க்க மாட்டார்.

கம்பி நுழைக்காமல் பார்ப்பது

வளர்ந்த பாம்பின் வாலை அடிப்பக்கமாகப் பாருங்கள். ஆணின் வால் கழிவாயைத் தாண்டியும் சிறிது தூரம் அதே பருமனோடு சென்று, பிறகு மெல்ல ஒடுங்கும். உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் வால் சற்று நீளமாகவும் இருக்கும். பெண்ணின் வால் கழிவாயை அடுத்தவுடனே ஒடுங்கிவிடும். கார்ன் ஸ்நேக்கில் ஒரே வயதுடைய இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், பழகிய கண்ணுக்கு இது பெரும்பாலும் பிடிபடும். பால் பைத்தானின் வால் இயல்பாகவே குட்டை என்பதால் அதில் இந்த வேறுபாடு மங்கலாகவே தெரியும். ஒற்றைப் பாம்பை வைத்துக்கொண்டு, ஒப்பிட இன்னொன்று இல்லாமல் வாலைப் பார்த்துச் சொல்வதை நான் ஊகம் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வேன்.

பைத்தான், போவா இனங்களில் கழிவாயின் இருபுறமும் சிறு நகம் போன்ற முள் இருக்கும். அது பின்னங்கால்களின் எச்சம். பல போவா இனங்களில் ஆணுக்கு அது பெரிதாகவும் வளைந்தும், பெண்ணுக்குச் சிறிதாகவோ தோலுக்குள் மறைந்தோ இருக்கும். கென்ய மண் போவாவில் ஆண் உருவத்திலும் மிகச் சிறியது என்பதால் முள்ளையும் உருவத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். பால் பைத்தானில் இரு பாலினத்துக்கும் முள் தெளிவாக இருக்கும். உராய்ந்து தேய்வதும் உண்டு. அதை வைத்து அந்த இனத்தில் முடிவு சொல்லவே கூடாது.

பாம்பு உரித்துப் போடும் சட்டையைப் பலர் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். அதை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வால் பகுதியைக் கிழியாமல் விரித்தால், கழிவாய்க்குப் பின் உள்ள வாலடிச் செதில்களை நிதானமாக எண்ணலாம். கார்ன் ஸ்நேக் போன்றவற்றில் இவை இரண்டிரண்டாக இருக்கும் என்பதால் ஒரு வரிசையை மட்டும் எண்ண வேண்டும். ஒரே இனத்தில் ஆணுக்குப் பொதுவாக இந்த எண்ணிக்கை கூடுதல். இரு பாலினத்தின் எண்ணிக்கைகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஓரங்களில் விழும் எண்ணுக்குத்தான் மதிப்பு. பாம்புக்கு எந்தத் தொல்லையும் இல்லாத முறை இது என்பதால், ஒவ்வொரு சட்டையையும் தேதி எழுதிக் காகித உறையில் சேர்த்து வையுங்கள்.

கம்பி கொண்டு அளப்பது

வளர்ந்த பாம்புக்கு வழக்கத்தில் உள்ள முறை, முனை உருண்டையான மெல்லிய எஃகுக் கம்பியைக் கழிவாயின் ஓரத்தில் வால் பக்கமாகச் செலுத்தி ஆழம் பார்ப்பது. இதற்கென்று பல பருமன்களில் கம்பித் தொகுப்புகள் விற்கிறார்கள். தையல் ஊசி, சைக்கிள் கம்பி, காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகியவற்றைத் தொடவும் கூடாது. பழகியவர் அருகில் நின்று செய்துகாட்டப் பார்த்து, பிறகு அவர் பார்க்கச் செய்து கற்க வேண்டிய வேலை இது. படித்துவிட்டுத் தனியே தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே எழுதுவது, மருத்துவரோ அனுபவசாலியோ உங்கள் பாம்பைக் கையாளும்போது எது சரி, எது தவறு என்று நீங்கள் அறிந்திருப்பதற்காகவும், கற்கத் தொடங்கியவர் எதையும் விட்டுவிடாமல் இருப்பதற்காகவும்தான்.

மலையில் இருக்கும் நமக்குக் குளிர்தான் முதல் இடைஞ்சல். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் ஊர். மழைக்காலத்தில் மின்சாரம் மணிக்கணக்கில் போனால், பெட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட் குளிர்ந்து பெட்டிக்குள் வெப்பம் இறங்கிவிடும். குளிர்ந்த பாம்பு சுருண்டு உடலை இறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் கம்பி உள்ளே போகாததைப் பெண் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது பெருந்தவறு. அளப்பதற்கு முந்தைய நாள் முழுவதும் பெட்டி சரியான வெப்பத்தில் இருந்திருக்க வேண்டும். பால் பைத்தானுக்கு வெப்பமான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி. கொடைக்கானலிலிருந்து மதுரைக்கோ, குன்னூரிலிருந்து கோவைக்கோ மருத்துவரிடம் கொண்டுபோகிறவர்கள் காற்றோட்டமுள்ள தெர்மாகோல் பெட்டியில், துணிப்பைக்குள் பாம்பை வைத்து, மலைப்பாதையின் குளிரிலிருந்து காக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சிறிது நேரம் அடங்க விட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

இரை விழுங்கிய பாம்பை இரண்டு முழு நாட்களாவது தொடக் கூடாது. பெரிய இரை என்றால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். கண் வெண்மை படர்ந்து சட்டை உரிக்கப் போகும் பாம்பு, முட்டை சுமப்பதாகச் சந்தேகம் உள்ள பாம்பு, மெலிந்து நோயுற்ற பாம்பு ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். கம்பிகளைக் கொதிநீரில் கிருமி நீக்கி ஆறவிட வேண்டும். ஒரு பாம்புக்குப் பயன்படுத்தியதை அப்படியே அடுத்ததற்குப் பயன்படுத்தினால், நோயை நாமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றிவிடுவோம். ஜனவரிக் காலையில் எஃகு விரலைச் சுடும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். தூய வெதுவெதுப்பான நீரில் கம்பியைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால் பாம்பு திடுக்கிட்டு வாலை இறுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும், நீரில் கரையும் மசகு ஜெல்லே போதும், எண்ணெய் வேண்டாம்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாம்பின் தலைப் பக்கத்தையும் உடலையும் இறுக்காமல் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வாலை அடிப்பக்கம் மேலே தெரியும்படி மெல்லத் திருப்புவார். இடக்கைப் பெருவிரலால் கழிவாய்க்கு முன்னால் உள்ள வயிற்றுச் செதிலைத் தலைப் பக்கமாக மிக லேசாக இழுத்தால் குதச்செதில் தூக்கிக்கொண்டு, பிளவின் உள்ளே ஈரமான இளஞ்சிவப்புத் தசை தெரியும். அப்போது பாம்பு வெண்மையான சுண்ணாம்புக் கூழ் போன்ற சிறுநீர்க் கழிவையோ நாற்ற நீரையோ வெளியிடலாம்; துடைத்துவிட்டுத் தொடரலாம். உள்ளே சிரமமின்றி நுழையும் கம்பிகளில் பருமனானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் மிக மெல்லிய கம்பி தசையைக் குத்திக் கிழித்துப் பொய்யான வழியை உண்டாக்கிவிடும். கம்பியைப் பிளவின் நடுவில் வைக்காமல் ஒரு மூலையில், வால் நுனியை நோக்கி, வாலுக்கு இணையாகச் சாய்த்து வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல உருட்டியபடி தன் எடையிலேயே இறங்க விடுவதுபோல் செலுத்த வேண்டும். மிருதுவான தடை ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பிளவின் விளிம்பில் கம்பியை நகத்தால் அடையாளமிட்டுப் பிடித்து, வெளியே எடுத்து, வாலின் வெளிப்புறத்தில் அதே இடத்திலிருந்து வைத்து, நுனி எத்தனையாவது வாலடிச் செதில் வரை எட்டுகிறது என்று எண்ண வேண்டும். பிறகு மறுபக்கமும் இதே போல.

பெரும்பாலான இனங்களில் பெண்ணில் கம்பி 2 முதல் 4 செதில் வரையிலும், சிலவற்றில் 6 வரையிலும் இறங்கும். ஆணில் 8 செதிலைத் தாண்டும், இனத்தைப் பொறுத்து 16 வரைகூடப் போகும். எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறுவதால், கார்ன் ஸ்நேக்கின் கணக்கைப் பால் பைத்தானுக்குப் பொருத்தக் கூடாது. இரு பக்கமும் ஒரே ஆழமாக, 8-க்கு மேல், தடையின்றி இறங்கினால் ஆண் என்று நம்பிக்கையோடு எழுதலாம். ஆழம் குறைவாக வந்தால் உடனே பெண் என்று எழுதிவிடாதீர்கள். பதற்றமடைந்த ஆண் வாலின் தசையை இறுக்கிக் கம்பியைப் பாதியிலேயே நிறுத்தும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழமின்றியும் வந்தாலோ, 5, 6, 7 என்று நடுவில் விழுந்தாலோ, அது ‘முடிவாகவில்லை’. அன்றே திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்ப்பது பாம்பைப் புண்ணாக்கும். சில வாரம் விட்டு, முடிந்தால் வேறொருவர் கையால், முன் முடிவை அவருக்குச் சொல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியில் இரத்தம் தென்பட்டால் அத்தோடு நிறுத்தி, அந்தப் பாம்பைச் சுத்தமான காகிதம் விரித்த பெட்டியில் தனியே வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குஞ்சுகளில்

பொரித்து வந்த சில வாரங்களுக்குள், கம்பியின்றி விரலாலேயே ஆணுறுப்பை வெளித்தள்ளிப் பார்க்கும் முறையை வளர்ப்போர் ‘பாப்பிங்’ என்கிறார்கள். ஒரு பெருவிரல் கழிவாயின் முன் செதிலை லேசாகத் தலைப் பக்கமாக இழுக்க, மற்றொரு பெருவிரல் வாலின் மேல் சில செதில்கள் தள்ளி வைக்கப்பட்டு, கழிவாயை நோக்கி மெல்ல உருளும். ஆண் என்றால் இரு பக்கமும் இரண்டு சிறு முளைகள் எழும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் மீதும் மயிரிழை போன்ற சிவப்பு இரத்தக் குழாய் ஓடுவது தெரியும். பெண் குஞ்சில் முளை நீளாமல், பிளவின் ஓரங்களில் இரண்டு சிறு புள்ளிகள் மட்டும் தென்படும். அந்தப் புள்ளிகளையே ஆணுறுப்பு என்று எண்ணுவோரும், வெளிவராத ஆணைப் பெண் என்று எண்ணுவோரும் ஏராளம். அழுத்தம் சற்றே மிகுந்தால் குஞ்சின் வால் எலும்பும் தசையும் நசுங்கும். வளர்ந்த பாம்பில் இதை முயலவே கூடாது. விற்பனைச் சீட்டில் ‘பெண்’ என்று இருந்தால், எந்த முறையில் பார்த்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். குஞ்சாக இருந்தபோது பாப்பிங் மட்டும் செய்தது என்றால், வளர்ந்தபின் மறுபடி உறுதிசெய்ய வேண்டும்.

மருத்துவரும் மரபணுவும்

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரால், மயக்க மருந்து கொடுத்து, வால் பகுதியில் கிருமி நீக்கிய உப்புநீரைச் செலுத்தி ஆணுறுப்பை வெளிக்கொணர முடியும். இணைசேரும் பருவத்தில் முதிர்ந்த பெண்ணின் வயிற்றில் கருமுட்டைகள் வரிசையாக வளர்வதை அல்ட்ராசவுண்ட் காட்டும். பெண் என்பதற்கு நேரடியாகக் கண்டு சொல்லும் அரிய சான்றுகளில் இது ஒன்று. முட்டை இட்டுவிட்டால், அது கருவுறாததாக இருந்தாலும், கேள்வி முடிந்தது.

சட்டையிலிருந்தே மரபணுவை எடுத்துப் பாலினம் சொல்லும் சோதனையும் வெளிநாடுகளில் வந்திருக்கிறது. கார்ன் ஸ்நேக், விரியன், நாகம் ஆகியவற்றின் குடும்பங்களில் பறவைகளைப் போலப் பெண்ணுக்குத்தான் வேறுபட்ட இரு பாலினக் குரோமோசோம்கள். எல்லாப் பாம்புக்கும் இப்படித்தான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2017-இல் வெளியான ஆய்வு, போவாவிலும் பைத்தானிலும் மனிதரைப் போல ஆணுக்கே வேறுபட்ட குரோமோசோம்கள் இருப்பதைக் காட்டியது. ஆகவே ஓர் இனத்துக்கு உருவாக்கிய சோதனையை மற்றோர் இனத்துக்குப் பயன்படுத்தினால் விடை தவறும். உங்கள் பாம்பின் இனத்துக்கென்றே சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். பூந்தொட்டி மண்ணில் மண்புழு போல நெளியும் புழுப்பாம்புக்கு இந்தக் கேள்வியே எழாது. அந்த இனத்தில் அறியப்பட்டவை எல்லாமே பெண். ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகுகின்றன.

எழுதி வைப்பது

ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இனம், எடை, நீளம், பார்த்த நாள், பயன்படுத்திய முறை, கம்பியின் பருமன், இடது ஆழம், வலது ஆழம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். முடிவை ஆண், பெண் என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்காமல், ‘ஆண் உறுதி’, ‘பெண், இருமுறை அளந்தது’, ‘பெண் எனத் தோன்றுகிறது’, ‘முடிவாகவில்லை’ என்று எழுதினால், அடுத்து அந்தப் பாம்பை வாங்குபவருக்கு உண்மை நிலை தெரியும். பால் பைத்தான் உட்பட எல்லாப் பைத்தான், போவா இனங்களும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தப் (CITES) பட்டியலில் இருப்பதால் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த விதிகளின்படி அவற்றைப் பரிவேஷ் 2.0 இணையத்தளத்தில் பதிவு செய்வதோடு, பிறப்பு, கைமாற்றம், இறப்பு ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். பாலினத்தை எங்கே குறிப்பிட நேர்ந்தாலும் விற்றவர் சொன்னதை அப்படியே எழுதாமல், நீங்கள் உறுதிசெய்ததை எழுதுங்கள். உறுதியாகாத வரை, இரண்டு பாம்புகளை ஒரே பெட்டியில் விடாதீர்கள்.